இறக்கைக்கு வைத்தியம்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தையல் இயந்திரத்தைப் பற்றியும், கிணற்று மோட்டாரைப் பற்றியும், ஓடாத சுவர்க் கடிகாரத்தைப் பற்றியுமே இருப்பது வழக்கம். இந்த வாரம் திண்டிவனத்திலிருந்து வந்திருக்கும் கடிதமோ ஓர் ஆகாய விமானத்தைப் பற்றியது. எழுதியிருப்பவர் ஒரு தாய்மாமன். அவருடைய மருமகப்பிள்ளை விழுப்புரத்தில் வசிக்கும் வாலிபர். பெங்களூரில் சிறு விமானம் ஓட்டப் பயின்றவர். இருவர் அமரக்கூடிய லேசான விமானம் ஒன்றை அவர் இரண்டு வருஷ காலமாகத் தம் கையாலேயே கட்டி வருகிறார். சட்டமெல்லாம் அலுமினியக் குழாய். மேலே போர்த்தியிருப்பது பாய்மரத்துக்கு உபயோகிக்கும் செயற்கை நூல் துணி.

இறக்கைகளை விழுப்புரத்து வீட்டு மாடியில் கட்டி முடித்து, லாரியில் ஏற்றி, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்து மாந்தோப்புக் கொட்டகைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பெருஞ்சாலையில் ஒரு விக்கினமும் நேரவில்லை. தோப்புக்குத் திரும்பும் குறுகலான வழியில்தான் சனியன் காத்திருந்தது. லாரிக்குப் பின்னால் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருந்த இடது இறக்கையின் நுனி ஒரு விளக்குக் கம்பத்தில் மோதிற்று. இறக்கிப் பார்த்ததில், உள்ளங்கை அகலத்துக்குத் துணி கிழிந்திருந்ததைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். "துணிக்கு ஒட்டுப் போட்டால் போதும் என்கிறேன் நான். குழாய்களையே கழற்றிப் பார்க்க வேண்டும், வேண்டுமானால் மாற்றவும் வேண்டும் என்கிறான் மாப்பிள்ளை. பணம் என்னுடையது, பிடிவாதம் அவனுடையது. இருவரும் ஒரு மாதமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் தமக்கைக்கு இந்த விஷயம் தெரியாது" என்று முடிகிறது கடிதம். அந்த அம்மாள் நமது பத்திரிகையைப் படிப்பவராக இருக்கக்கூடும் ஆகையால் பெயர்களை விட்டுவிட்டோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாப்பிள்ளை பக்கமே நியாயம் இருக்கிறது. காரணங்களைச் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் சொன்னால் மாமனுக்கு மனம் ஆறாது. அவற்றை விரிவாகவே சொல்வோம்.

வீட்டில் விமானம் கட்டுவதாவது என்று நேயர்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டியதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டாஞ்செலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியாரின் வண்டிப் பட்டறையில் தம் யோசனைப்படி ஒரு விமானம் செய்வித்து, 1910 மார்ச் மாதத்தில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்து அப்போது ஏழு வருஷங்கூட நிறையவில்லை. கோச்சு வண்டிகளைக் கட்டிப் பழகிய சென்னைத் தொழிலாளர்களின் கைகளே அந்த இறக்கைகளையும் கட்டின என்பதை நாம் மறக்கலாகாது. நம் காலத்திலும் உதாரணம் இல்லாமலில்லை. கேரளத்தில் தொடுபுழைக்கு அருகிலுள்ள சாஜி தாமஸ் என்பவர், காது கேளாமலும் வாய் பேசாமலும் பிறந்தவர், பள்ளிப் படிப்பையும் இடையில் நிறுத்திவிட்டவர், பல வருஷ உழைப்பில் இரண்டு ஆசன விமானம் ஒன்றைத் தாமே கட்டினார். 2014-ம் வருஷத்தில் அது பறந்தது நம் திருநெல்வேலி ஜில்லா மணிமுத்தாற்றில்தான். ஆகவே, திண்டிவனத்து மாந்தோப்பில் ஒரு விமானம் உருவாவதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அது உருவான பிறகு வானத்தில் உருக்குலையாமல் இருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

இப்போது கம்பத்தில் மோதிய இறக்கையைப் பார்ப்போம். நுனியில் பட்ட அடி நுனியோடு நின்றுவிடும் என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் பிசகு. இறக்கை ஒரு நெம்புகோல். நுனியிலிருந்து அடி வரையில் 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் முன்குழாய் ஒரு போல்ட்டிலும் பின்குழாய் ஒரு போல்ட்டிலும் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 1 மீட்டர் தூரம். நுனியைக் கம்பம் 40 கிலோ பலத்துடன் பின்னால் தள்ளியது என்றால், அடியில் முன்குழாயின் போல்ட்டை 200 கிலோ பலம் இழுத்திருக்கும். பின்குழாயின் அடியை அதே 200 கிலோ நெருக்கியிருக்கும். ஒரு லாரி மெல்லத் திரும்பும்போதுகூட 40 கிலோ என்பது அற்பம். கிணற்றடியில் வாளி கனக்கும்போது ராட்டினத்தைத் தாங்கும் தூணின் அடிதானே ஆட்டம் காண்கிறது? அடிபட்ட இடத்தில் கிழிசலும், அடி வாங்கிய இடத்தில் மௌனமுமாக இருப்பதே இந்த வியாதியின் லக்ஷணம்.

ஆதலால் வைத்தியன் முதலில் செய்ய வேண்டியது, நோயாளியைத் தொடுவதற்கு முன் கதை கேட்பது. எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது? இறக்கை எதில், எந்த இடங்களில் கட்டப்பட்டிருந்தது? கயிறு எங்கே அழுத்திற்று? கடிதத்தின்படி, இறக்கையின் அடிப்பாகம் மரச் சட்டமொன்றில் அதன் சொந்தப் போல்ட்டுகளாலேயே மாட்டப்பட்டிருந்ததாம். அப்படியானால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

அடுத்தது, துணியைக் கழற்றுவதற்கு முன் துணியையே படிப்பது. இழுத்துக் கட்டிய துணியில் மூலைக்கு மூலை சாய்வாகச் சுருக்கம் விழுந்திருந்தால், உள்ளேயிருக்கும் சட்டம் கோணலாகிவிட்டது என்று பொருள். கோணிய கட்டிலில் விரித்த சமுக்காளம் எப்படிச் சுருங்குகிறதோ அப்படித்தான். பிறகு அளவு. இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு நல்ல நாடா, தூக்குக்குண்டு, ரசமட்டம், நீண்ட நூல் ஆகியவை போதும். கதவுச் சட்டம் சதுரமா என்று பார்க்க நம் ஊர்த் தச்சர் இரண்டு மூலைக் குறுக்களவுகளையும் ஒத்துப் பார்க்கிறார் அல்லவா? இறக்கையிலும் முன்குழாய், பின்குழாய், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய்கள் சேர்ந்து ஒவ்வோர் அறையாக இருக்கும். ஒவ்வோர் அறையிலும் இரண்டு மூலை அளவுகளையும் எடுத்து, வலது இறக்கையின் அதே அறையுடன் ஒப்பிட வேண்டும். வலது இறக்கைக்கு அடிபடவில்லை என்பதால் அதுவே நம் அளவுகோல். சில மில்லிமீட்டர் பேதம் கண்டாலும் சும்மா விடக்கூடாது. குறுக்கே கட்டியிருக்கும் எஃகுக் கம்பிகளில் ஒன்று விறைப்பாகவும் மற்றது தொய்ந்தும் இருந்தால், தொய்ந்ததே பலமாக இழுபட்டது. இழுபட்டு நீண்டு போனதால் தொங்குகிறது. பார்வைக்கு விறைப்பாக நிற்பவனைச் சந்தேகித்து, தொங்குகிறவனை நிரபராதி என்று விட்டுவிடுவது வழக்கம்.

எஃகுக் கம்பி முறுக்குகளில் ஒரு சிறு இழை அறுந்திருந்தால் கண்ணுக்குப் புலப்படாது. ஒரு துண்டுப் பஞ்சைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் உருவ வேண்டும். இழை அறுந்த இடத்தில் பஞ்சு சிக்கி நிற்கும். விரலால் உருவினால் ரத்தம்தான் வரும்.

இதற்குமேல் துணியைக் கழற்றியே ஆக வேண்டும். மாமன் இங்கேதான் முகம் சுளிப்பார். மாற்று வழி இல்லை. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சமமான கண்ணாடி மேலோ பளிங்கு மேலோ உருட்டி, மறுபக்கம் விளக்கை வைத்துப் பார்த்தால், வளைந்த குழாய் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். போல்ட்டுகளையும் அவ்வாறே உருட்ட வேண்டும். போல்ட் நுழையும் துவாரம் வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவாக நீண்டிருக்கிறதா என்பதைப் பூதக் கண்ணாடியால் பார்ப்பது மிக முக்கியம். 200 கிலோ இழுப்பின் கையெழுத்து அங்கேதான் விழுந்திருக்கும். துவாரத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா என்று அறிய ஒரு முறை உண்டு. சிவப்புச் சாயம் ஒன்றைப் பூசி, சற்று நேரம் ஊறவிட்டு, மேலே உள்ளதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த சாயம் வெண்மையில் கசிந்து, விபூதியில் குங்குமக் கோடு இழுத்தாற்போல் தெரியும். இந்தச் சாயமும் பொடியும் இயந்திர சாமான் விற்கும் கடைகளில் டப்பாவாகவே கிடைக்கின்றன.

வளைந்த குழாய் ஒன்று அகப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாமன் என்ன சொல்வார்? "தட்டி நேராக்கிவிடு" என்பார். அல்லது, "விழுப்புரத்தில் டிராக்டர் ஏர் முறிந்தாலே ஒட்ட வைக்கும் கெட்டிக்கார வெல்டர் இருக்கிறார், அவரிடம் கொடு" என்பார். அந்த வெல்டரின் கெட்டிக்காரத்தனத்தில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரும்பின் தர்மம் வேறு, இந்த அலுமினியத்தின் தர்மம் வேறு. விமானக் குழாய்க்கான அலுமினியக் கலவைக்குப் பலம் பிறப்பது, ஆலையில் அதைச் சூடாக்கி, சடுதியில் குளிரவைத்து, மீண்டும் இளஞ்சூட்டில் பக்குவப்படுத்துவதால். வெல்டிங் செய்யும்போது அந்தப் பக்குவம் கலைந்து, ஒட்டைச் சுற்றிலும் உலோகம் மெத்தென்று ஆகிவிடுகிறது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தினாலோ, வளைந்த இடம் இன்னொரு தடவை வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் அங்கே விதைக்கப்படுகின்றன. பறக்கும்போது ஓயாமல் அதிரும் அதிர்ச்சியில் அந்த விதைகள் முளைக்கும். ஆகவே வளைந்த முதன்மைக் குழாய்க்கு ஒரே சிகிச்சைதான் உண்டு: அதே கலவை, அதே விட்டம், அதே கனம் உள்ள புதிய குழாய். சில இடங்களில் உள்குழாய் ஒன்றைச் செருகி ரிவெட் அடித்துப் பலப்படுத்த விமானத்தை வகுத்தவர் கைப்புத்தகத்தில் அனுமதித்திருப்பார். அனுமதித்த இடத்தில் மட்டும் அதைச் செய்யலாம். நம் யோசனைப்படி வேறிடத்தில் செய்யலாகாது. ஒரு முறை கழற்றிய பூட்டு நட்டுகளைத் திரும்பப் போடக்கூடாது. பழைய போல்ட்டுக்குப் பதிலாக இரும்புக் கடைப் போல்ட்டைப் போடுவது, பட்டுப் புடவைக் கரைக்குச் சணல் நூலால் தையல் போடுவது போன்றது. பார்வைக்குக் கெட்டி, குணம் வேறு.

மரத்தால் இறக்கை கட்டும் நேயர்களும் நம்மிடையே உண்டாகலாம். அவர்களுக்காக நம் தேசத்து வானத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் 'மாஸ்கிடோ' என்ற மரத்தால் ஆன யுத்த விமானத்தை ஏராளமாகச் செய்தார்கள். மெல்லிய மரப் பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த அற்புதமான யந்திரம் அது. அந்தக் காலத்தில்தான் உளுந்தூர்ப்பேட்டை போன்ற நம் பக்கத்து ஊர்களிலும் யுத்தத்துக்கென்று ஓடுதளங்கள் எழுந்தன. 1944 அக்டோபரில் இந்தியாவில் சில மாஸ்கிடோக்கள் ஆகாயத்திலேயே இறக்கை முறிந்து, ஓட்டியவர்களோடு விழுந்தன. நவம்பரில் இங்கிருந்த அத்தனை மாஸ்கிடோக்களையும் தரையில் நிறுத்திச் சோதிக்க வேண்டியதாயிற்று. உடனே பழி எங்கே விழுந்தது தெரியுமா? நம் வெயில் மேலும் நம் மழை மேலும்! இந்தியச் சீதோஷ்ணத்தில் மரம் சுருங்கிவிட்டது, பசை கெட்டுவிட்டது என்றார்கள். பின்னர் நடந்த விசாரணைகளில் இறக்கைகளைப் பிளந்து பார்த்தபோது, பலகைக்கும் உத்திரத்துக்கும் இடையே பசை பிடிக்காத இடைவெளிகள் காணப்பட்டன. பாகங்கள் சரியாகப் பொருந்தாமலே இங்கிலாந்துப் பட்டறைகளில் அவை சேர்க்கப்பட்டிருந்தன. நம் சூரிய பகவான் ஒளிந்திருந்த குற்றத்தைத் துரிதமாக வெளிப்படுத்தினாரே தவிர, குற்றம் அவருடையதல்ல. அதன் பிறகு இணைப்பின் மேல் நீளவாக்கில் ஒரு பலகைப் பட்டையை ஒட்டி மூடும்படி ஏற்பாடு செய்தார்கள். வெப்பம் தாக்காதபடி வெள்ளி வர்ணமும் பூசினார்கள்.

அக்காலத்துக்கு முன்பிருந்தே விமான மரங்களை ஒட்டியது பாலைத் திரித்தெடுக்கும் கேஸீன் பசை என்பதை அறிந்தால் நம் இல்லத்தரசிகள் வியப்படைவார்கள். பாலுக்கு உள்ள தோஷம் அதற்கும் உண்டு. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். இப்போதுள்ள ரசாயனப் பசைகளுக்குப் பூஞ்சணம் பகையல்ல. ஆனால் அவற்றில் சில, திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் கறுப்பு வர்ணம் பூசிய இறக்கைக்குள் இளகிவிடக்கூடும். ஆகையால் மர இறக்கைக்கு வெள்ளையே வர்ணம்.

மர இறக்கையில் அடியைக் கண்டுபிடிப்பது சந்தையில் பானை வாங்குவது போல. ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒட்டு விட்ட இடத்தில் கணீரென்ற சப்தம் போய் மொத்தென்று ஒலிக்கும். நெருக்கப்பட்டு நசுங்கிய மரத்திலோ, நார்களுக்குக் குறுக்கே தலைமயிர் போன்ற ஒரு கோடு மட்டுமே தெரியும். டார்ச்சு விளக்கைப் பலகையோடு பலகையாகச் சாய்த்துப் பிடித்தால்தான் அதுவும் தெரியும். அந்தக் கோடு விழுந்த உத்திரத்தில் பாதிப் பலம் இருக்கிறதென்றுகூட நம்பக்கூடாது. ஒட்டுப் போடுவதானால் சாய்வொட்டு. பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள மரத்துக்கு ஒட்டின் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வரும். இறக்கை உடலோடு சேரும் இடத்திலும், தாங்கு கழி வந்து பிடிக்கும் இடத்திலும் ஒட்டே கூடாது. "தேக்கைவிட உயர்ந்த மரம் உண்டோ?" என்று நம் தச்சர் கேட்பார். கட்டிலுக்கு இல்லைதான். விமானத்துக்குத் தேக்கு கனம் அதிகம். அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுப் பசையையும் பிடிக்கவிடாது.

பலம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இன்னொரு கதை. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு வந்து இறங்கியதும், அவருடைய கூட்டாளி வின்ஸென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்ததும் எல்லோரும் அறிந்தது. அவர்கள் ஓட்டியது 'புஸ் மாத்' என்ற ஒற்றை இறக்கை விமானம். அதே ஜாதி விமானங்கள் 1930 முதல் சில வருஷங்களுக்குள் பல தேசங்களில் நடு வானத்தில் இறக்கை பிய்ந்து விழுந்திருக்கின்றன. இறக்கை பலவீனமானதல்ல. கொந்தளிக்கும் காற்றில் அது துடிக்கத் தொடங்கி, துடிப்பு துடிப்பை வளர்த்து, கடைசியில் தன்னையே முறித்துக்கொண்டது. தாங்கு கழிக்கு ஒரு சிறு துணைக்கழி கொடுத்து விறைப்பாக்கி, பின்னோரத்தில் ஏறி இறங்கும் மடல்களுக்கு எதிர்ப்பாரமும் கட்டி அதைச் சரி செய்தார்கள். நம் திண்டிவனத்து அன்பர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்த மடலில் கிழிசல் இருந்தால் ஒட்டுக்குமேல் ஒட்டும் வர்ணத்துக்குமேல் வர்ணமும் போட்டுக் கனத்தைப் பின்னால் சேர்க்கக்கூடாது. இரண்டு மடல்களையும் தராசில் நிறுத்து, பழுதுக்கு முன்னிருந்த எடைக்கே கொண்டுவர வேண்டும்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயற்கை நூல் துணியை வெயில் தின்னும். துணிக்கு முன் அதன் தையல் நூலைத் தின்னும். ஆகவே கிழிசலுக்கு ஒட்டுப் போடுமுன் சுற்றியுள்ள துணியையும் தையலையும் சிறு ஊசி கோத்த வில் தராசினால் இழுத்துப் பார்ப்பது நல்லது.

எல்லாம் முடிந்து இறக்கை பழையபடி நிற்கும்போது, நம்புவதற்கு முன் அதற்கு ஒரு பரீக்ஷை உண்டு. இறக்கைகளைத் தலைகீழாகத் திருப்பி, விமான உடலுக்குப் பதிலாக ஒரு பலமான சட்டத்தில் தாங்கு கழிகளோடு மாட்டி, மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். ஆட்களோடும் எண்ணெயோடும் விமானத்தின் மொத்த எடை 450 கிலோ, இரு இறக்கைகளும் சேர்ந்து 50 கிலோ, கைப்புத்தகம் அனுமதிக்கும் பாரம் எடையைப் போல் நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இறக்கைகள் சுமக்க வேண்டியது தம்மைத் தவிர்த்த 400 கிலோவின் நான்கு மடங்கு, அதாவது 1600 கிலோ. தலைகீழாக இருக்கையில் அவற்றின் சொந்த எடை 50 கிலோ கூடச் சேர்வதால், மணல் 1550 கிலோ போதும். ஓர் இறக்கைக்கு 775 கிலோ. 25 கிலோ மூட்டையாக 31. மூட்டைகள் அடிப்பக்கம் அதிகமாகவும் நுனிப்பக்கம் குறைவாகவும், அகலத்தில் முன்னோரத்தை ஒட்டிய மூன்றிலொரு பாகத்திலும் அமைய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், ஒவ்வொன்றாக. நுனிக்குக் கீழே ஒரு அளவுகோலை நட்டு, ஏற்ற ஏற்ற எவ்வளவு தாழ்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இறக்கிய பிறகு நுனி புறப்பட்ட கோட்டுக்கே திரும்பி வர வேண்டும். ஒரு விரற்கடை குறைந்து நின்றால்கூட உள்ளே ஏதோ நிரந்தரமாக வளைந்துவிட்டது. மறுபடியும் துணியைக் கழற்ற வேண்டியதுதான். அனுமதித்த பாரத்துக்கு மேல் ஆசைப்பட்டு இன்னும் இரண்டு மூட்டை ஏற்றிப் பார்ப்பதும் கூடாது. அந்த இறக்கையில்தான் பறக்கப் போகிறோம்.

மூட்டை எண்ணும் வேலையை மாமன் ஏற்றுக்கொள்வாராக. பழுது பார்த்த கை மாப்பிள்ளையுடையது ஆகையால், அதைப் பரிசோதிக்கும் கண் அவருடையதாக இருக்கக் கூடாது; சிறு விமானங்களைப் பழுது பார்த்துத் தேர்ந்த பெங்களூர் நிபுணர் ஒருவரை ஒரு நாள் வரவழைத்தால் செலவு வீண் போகாது. விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகத்தின் அனுமதியும் பதிவு எண்ணும் இல்லாமல் தோப்பிலிருந்து கிளம்பிவிடலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். செய்த பழுது, மாற்றிய குழாய், மணல் கணக்கு எல்லாவற்றையும் தேதியோடு ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தால் அங்கேயும் உதவும்.

புதுத் துணி போர்த்தும்போது, அடிப் போல்ட்டுகளுக்கு நேரே உள்ளங்கையளவு ஒரு சிறு திறப்பும் மூடியும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து மணி நேரம் பறந்ததும் அதைத் திறந்து, துவாரங்களின் விளிம்பையும் நட்டுகளின் மேல் இட்ட வர்ணக் கோடு விலகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வலது இறக்கையிலும் அப்படியே.